உறைமோர் இருக்கிறது, பால் எங்கே? இயற்கை விவசாயத்தின் முதல் வருஷத்துக்கு எந்த வழி

சித்தப்பா மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். காவிரி டெல்டாவில் நீடாமங்கலம் பக்கம் அவர்களுக்கு ஏழரை மா நஞ்சை, அதாவது இரண்டரை ஏக்கர். போன மாதம் போன் செய்து, "அண்ணே, இருநூறு லிட்டர் ட்ரம் ஒண்ணு வாங்கிட்டேன். அடுத்து என்ன வாங்கணும்?" என்று கேட்டான். இயற்கை விவசாயம் தொடங்கப் போகிறானாம். செலவு குறைவாக இருக்க வேண்டும், வீட்டில் மாடு கிடையாது, மாதத்துக்கு இரண்டு தடவைதான் ஊருக்கு வர முடியும், சித்தப்பாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. அவ்வளவும் அந்த ஒரு போனிலேயே வந்துவிட்டது. நிலம் ஏழரை என்பதால் நானும் கொஞ்சம் பயந்துதான் பதில் சொன்னேன்.

அவனுக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன். யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு கரைசலின் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், அமுதக் கரைசல், மீன் அமிலம் என்று வரிசையாக. கரைசலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யூரியாவை நிறுத்தினால் பயிருக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எந்த வழியில் வரும்? அதற்குப் பதில் கையில் இல்லாமல் ட்ரம் வாங்கியவர்களில் நானும் ஒருத்தன்.

ட்ரம்முக்குள் என்ன இருக்கிறது

ஜீவாமிர்தத்தை நாடு முழுக்கப் பரப்பியவர் மகாராஷ்டிராவின் சுபாஷ் பாலேக்கர். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ரசாயனம் படாத மண் ஒரு கைப்பிடி. நிழலில் வைத்து, சாக்கு போட்டு மூடி, காலையும் மாலையும் குச்சியால் கலக்கிவிட்டால் 48 மணி நேரத்தில் தயார். மேலே நுரை கட்டி, புளித்த தோசை மாவு வாசனை வந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அழுகல் நாற்றம் அடித்தால் கலக்கவில்லை என்று அர்த்தம். இதைப் பாசனத் தண்ணீரோடு ஏக்கருக்கு ஒரு ட்ரம் விட வேண்டும். வெல்லம் கிலோ 60 ரூபாய், பயறு மாவு 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 360 ரூபாய். சாணமும் கோமியமும் பக்கத்து வீட்டில் ஓசியில் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு.

சரி, இதில் தழைச்சத்து எவ்வளவு? சாணத்தில் ஒரு 40 கிராம், கோமியத்தில் ஒரு 80 கிராம், மாவில் ஒரு 70 கிராம். தாராளமாகக் கூட்டினாலும் ட்ரம்முக்கு 200 கிராம்தான். யூரியா கணக்கில் அரைக் கிலோ கூட வராது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீதம் சம்பாவுக்கு 8 ட்ரம் விட்டாலும் எல்லாம் சேர்ந்து மூன்றரைக் கிலோ யூரியா. மத்திய, நீண்டகால நெல் ரகங்களுக்கு இங்கே பொதுவாகச் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 60 கிலோ, ஏறக்குறைய மூன்று மூட்டை யூரியா. இதில் ஒரு பங்கை மண்ணே கொடுத்துவிடும், நாட்டு ரகங்களுக்கு இவ்வளவு தேவையும் இல்லை. அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

இதைச் சொன்னால் அந்த வழிக்காரர்கள் கோபப்படுவார்கள். ஜீவாமிர்தம் உரமே இல்லை, மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்குவதற்கான உறைமோர் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் உறைமோர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உறைய வைக்கப் பால் வேண்டுமே. மண்ணில் தழையும் மட்கும் இல்லாமல் உறைமோரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை முதல் வருஷமே பார்த்துவிட்டேன். அதுவரை மாவுக்குப் பத்து, பதினொன்று மூட்டை கண்ட வயல். கார்த்திகை மழை ஓய்ந்ததும் பயிர் வெளுத்தது, தூர் கட்டவில்லை. அறுத்தால் மாவுக்கு ஆறு மூட்டை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. களத்தில் மூட்டையை இரண்டு தடவை எண்ணினார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். பாலேக்கர் முறைக்கு நான்கு சக்கரம்: விதைக்குப் பீஜாமிர்தம், மண்ணுக்கு ஜீவாமிர்தம், மேலே இலைதழை போர்த்தும் மூடாக்கு, அப்புறம் வாபசா எனும் ஈரமும் காற்றும் சமமாக இருக்கும் நிலை. தண்ணீர் கட்டி நிற்கும் டெல்டா வயலில் மூடாக்கை எங்கே போடுவது? காற்றோட்டத்துக்கு எங்கே போவது? கடைசி இரண்டு சக்கரமும் இங்கே ஓடாது. ஊடுபயிரின் வருமானம் முதன்மைப் பயிரின் செலவை ஈடுகட்ட வேண்டும், அதனால்தான் அதற்கு ஜீரோ பட்ஜெட் என்று பெயர். சேற்று வயலில் ஊடுபயிரும் கிடையாது. ஆக, அந்த முறையில் குறை காண்பதைவிட அது எந்த நிலத்துக்கு வந்தது என்று பார்ப்பது மேல். தென்னந்தோப்பு, வாழை, மாந்தோப்பு, காய்கறிப் பாத்தி, மானாவாரிக் காடு ஆகியவற்றில் நான்கு சக்கரமும் ஓடும். என் வீட்டுக் கொல்லையில் கத்தரிக்கும் வாழைக்கும் இன்றுவரை அதுதான். அவனுக்கும் தோப்பு இருந்திருந்தால், ட்ரம் வாங்கினது சரி என்றே சொல்லியிருப்பேன்.

தக்கைப்பூண்டு

நஞ்சைக்கு என் ஓட்டு, விதைத்து வளர்த்து வயலிலேயே மடக்கி உழும் இந்தப் பசுந்தாள் உரச் செடிக்குத்தான். நுணுக்கம் தெரியாதவரும் செய்யலாம், ஆள் தினமும் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. ஏக்கருக்கு 20 கிலோ விதை. புழுதியில் தெளித்து ஒரு மழையோ ஒரு தண்ணீரோ காட்டினால் முளைத்துவிடும். தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், கொஞ்சம் உவர் நிலமானாலும் வரும். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் இடுப்பைத் தாண்டி நெஞ்சு வரை நிற்கும். பூ எடுக்கும் சமயம் மடக்கி உழுதுவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் கட்டி அழுக விட்டு, நடவு.

முப்பதாவது நாள் வாக்கில் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகு அளவிலிருந்து மிளகு அளவு வரை முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. அந்த மண்ணில் பல வருஷமாகப் பயறு வகையே விதைத்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை விதையோடு ரைசோபியம் எனும் நுண்ணுயிரைக் கலந்து விதைக்கலாம்.

நன்றாக வந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு எட்டு டன் பச்சைத்தழை கொடுக்கும், பத்தும் வருவதுண்டு. எட்டு டன்னில் நாற்பது கிலோ அளவுக்குத் தழைச்சத்து. அத்தனையும் அந்தப் பயிருக்கே கிடைத்துவிடாது, ஒரு பகுதி மண்ணில் தங்கும், ஒரு பகுதி வீணாகும். இருந்தாலும் 200 கிராமுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். கிலோ நூறு ரூபாய் என்றே வைத்தாலும் விதைக்கு இரண்டாயிரம். வேளாண் விரிவாக்க மையத்தில் மானியத்தில் கிடைக்கும்போது இன்னும் குறையும். சிட்டாவும் ஆதாரும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே போய்ச் சொல்லி வைக்க வேண்டும். மேட்டூர் திறந்த பிறகு போனால் விதை தீர்ந்திருக்கும். மடக்கி உழும் டிராக்டர் செலவு தனி.

இதன் உண்மையான விலை நாட்களில் இருக்கிறது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் குறுவை எனும் முதல் போகம் போடுகிறவர்களுக்கு, சம்பாவுக்கு முன் இந்த நாற்பத்தைந்து நாள் கிடைக்காது. போர்வெல் இருந்தால் சித்திரையிலேயே விதைத்துவிட்டுக் குறுவைக்கும் மடக்கலாம். இல்லையென்றால் குறுவையை விட்டுவிட்டு ஆனியில் விதைத்து ஆவணியில் மடக்கி ஒற்றைச் சம்பா. ஒரு போகத்தை விடுவதும் செலவுதான், அதைக் கணக்கில் சேர்க்காமல் செலவு குறைவு என்று பேசக்கூடாது. இவர்கள் எப்படியும் ஒரு போகம்தான் செய்கிறார்கள் என்பதால் இந்த இழப்பு இவனுக்கு இல்லை.

மடக்கும் நாளைத் தள்ளிப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஐம்பது நாளைத் தாண்டினால் தண்டு விறகு மாதிரி ஆகிவிடும், ரோட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளும், சேற்றுக்குள் அழுகாமல் நின்று நடவாட்கள் காலைக் குத்தும். மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறவன் இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் லீவு போட்டே ஆக வேண்டும்.

பசுந்தாளில் சணப்பும் நல்லதுதான், தண்ணீர் தேங்காத நிலமாக இருந்தால். கொழுஞ்சியை மாடு மேயாது, காப்பு இல்லாத வயலுக்கு அது சௌகரியம். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போன பலதானிய விதைப்பும் இருக்கிறது: சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் என ஒவ்வொன்றிலும் நாலு வகை, ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ. பல வருஷம் உப்பு உரம் தின்ற மேட்டு நிலத்தைத் திருப்பிக் கொண்டுவர அது அருமையான வழி. எங்கள் களிமண்ணில் ஒரு கோடைமழை கூடுதலாகப் பெய்தால் எள்ளும் கம்பும் மூச்சுமுட்டிச் செத்துப்போய், கடைசியில் தக்கைப்பூண்டுதான் மிச்சம் நிற்கும். அதற்கு முதலிலேயே அதை விதைத்துவிடலாம்.

கிடை

கோடையில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை மடக்கிக் கிடை போடுவார்கள். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள். முதல் வருஷத்தைத் தாண்டுவதுதான் நம் பிரச்சினை என்னும்போது, ஆடு நமக்கு வேண்டியது. புழுக்கையைவிட மூத்திரத்துக்கு மதிப்பு அதிகம், அது நேராக மண்ணில் இறங்குகிறது. கிடை எழுந்த உடனே ஒரு மேலுழவு ஓட்டிவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் காலையில் வயலைத் தாண்டும்போதே மூக்கில் ஏறும் அந்த நெடி, காற்றில் போய்க்கொண்டிருக்கும் நம் காசு.

எங்கள் பக்கம் இருநூறு ஆடு இருந்தால் ஒரு மாவுக்கு மூன்று நான்கு ராத்திரி கட்டுவோம். கூலி ராத்திரிக் கணக்கு. அதோடு சாப்பாடு, டீ, வாங்கிப்போகும் மரியாதையும் உண்டு. பேரம் பேசலாம், ஆனால் சித்திரை பிறந்த பிறகு பேசினால் அவர்கள் கை ஓங்கியிருக்கும். மாசியிலேயே சொல்லி வைத்தவர்கள் வயலுக்குத்தான் முதலில் வருவார்கள். குறை என்னவென்றால் ஆடு தின்ற கருவை நெற்றெல்லாம் வயலில் வந்து முளைக்கும். முதல் மழைக்கு வரப்போரம் கருவைக் கன்று கொத்துக் கொத்தாகத் தலைகாட்டும். பிஞ்சிலேயே பிடுங்கிவிட்டால் ஒன்றுமில்லை, விட்டால் மண்வெட்டிக்கும் அசையாது.

கிடையா, தக்கைப்பூண்டா என்று கேட்டால், கிடை சித்திரை வேலை, தக்கைப்பூண்டு ஆனி வேலை. காசு இருந்தால் இரண்டும் செய்யலாம். ஒன்றுக்குத்தான் வழி என்றால் தக்கைப்பூண்டு. கிடை உங்கள் கையில் இல்லை, கீதாரி வந்தால்தான் உண்டு.

மற்றவை, வேகமாக

பஞ்சகவ்யத்தை விவசாயத்துக்குக் கொண்டுவந்தவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். சாணம், கோமியம், பால், தயிர், நெய், இளநீர், பூவன் பழம், வெல்லம் எல்லாம் சேர்த்து முப்பது நாள் வேலை. பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி கலந்து அடித்தால் பயிர் தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் ஒரு கிலோ நெய் ஊற்றுகிற காரியத்தைச் செலவு குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வடிகட்டும்போது சோம்பல்பட்டு வேட்டித் துணியை ஒரே மடிப்பாகப் போட்டதில் எனக்கு ஸ்ப்ரேயர் நாசில் ஆறு தடவை அடைத்தது, ஊசியால் குத்திக் குத்தியே ஒரு காலைப்பொழுது போனது. முதல் வருஷத்தில் இது வேண்டாம்.

கடையில் கிடைக்கும் இயற்கை டானிக் பாட்டில்கள் பக்கமே போக வேண்டாம். மருந்துக் கடைக்குக் கொடுத்த காசை வேறு லேபிளுக்குக் கொடுப்பதற்கு இத்தனை பாடு எதற்கு? சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் போன்ற நுண்ணுயிர்கள் வேறு, அரசு மையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் போதும்.

நாட்டு மாடு வாங்கலாமா என்றும் கேட்டான். உம்பளாச்சேரி மாடு மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் ஆள் இல்லாதவன் மாடு வாங்கினால் தீனியும் ஆள் சம்பளமும் சேர்ந்து நெல்லைத் தின்றுவிடும். சாணம் வேண்டுமென்றால் பக்கத்துத் தொழுவத்தில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

விதையும் களையும்

தழைச்சத்தைக் குறைத்துக்கொள்கிறோம் என்றால் அதற்கு ஏற்ற ரகமும் வேண்டும். யூரியாவுக்கு என்றே வளர்த்தெடுத்த குட்டை ரகத்தை நட்டுவிட்டு விளைச்சலைக் காணோம் என்று அழக்கூடாது. மாப்பிள்ளைச் சம்பா எந்த மண்ணிலும் எழுந்து நிற்கும், களையையும் அமுக்கும். ஆனால் ஆளுயரம் வளர்ந்து மார்கழிக் காற்றில் சாயும். சாய்ந்த வயலில் அறுவடை மிஷின்காரர் கூடுதல் மணி நேரக் கணக்குப் போடுவார். சிவப்பரிசியை வாங்க ஆளையும் நாம்தான் தேட வேண்டும். தூயமல்லி 135 நாள் வாக்கில் வரும், சன்ன வெள்ளரிசி, வீட்டில் குழந்தைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிடும். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு நான் சொல்வது தூயமல்லிதான். கருப்புக்கவுனிக்கு விலை நன்றாக இருக்கிறது என்று கேட்டவுடன் அதில் இறங்க வேண்டாம். மூன்று பேருக்கு விற்றுப் பழகிய பிறகு யோசிக்கலாம்.

மருந்தை விட்டால் வருகிற பெரிய செலவு பூச்சியால் வருவதில்லை, களையால் வருகிறது. அதற்கு ஒற்றை நாற்று நடவு: 14 நாள் நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக. ஏக்கருக்கு விதை 3 கிலோவுக்குள் அடங்கிவிடும், வழக்கமான நடவுக்கு இருபது கிலோவுக்கு மேல் போகும். கோனோவீடர் எனும் களையெடுக்கும் உருளையைப் பத்து நாளுக்கு ஒரு தடவை உருட்டினால் களையும் போகும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். கயிறு பிடித்து நடச் சொன்னால் நடவாட்கள் முணுமுணுப்பார்கள். முதல் வருஷம் மாவுக்கு ஓர் ஆள் கூலி அதிகமானாலும் கொடுத்துவிடுங்கள். பூச்சிக்கு வேம்பு, நொச்சி, ஆடாதொடை, எருக்கு, ஆடுதின்னாப்பாளை இலைகளைக் கோமியத்தில் ஊறவைத்த ஐந்திலைக் கரைசல் போதும். பாதி நேரம் அதுவும் தேவைப்படாது. வயலில் நாலு தென்னை மட்டையை நட்டு வைத்தால் பூச்சி தின்னும் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து பாதி வேலையைப் பார்த்துவிடும்.

எவ்வளவு நிலத்தில், எந்த இடத்தில்

"ஏழரை மாவையும் ஒரே வருஷத்துல மாத்திடலாம்னு பாக்குறேன்" என்றான் தம்பி. இலங்கையில் 2021இல் ரசாயன உர இறக்குமதியை நாட்டுக்கே ஒரேயடியாக நிறுத்தினார்கள். சில மாதத்திலேயே, அந்த வருஷம் நவம்பரில், திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நெல்லும் தேயிலையும் அடிவாங்கியது போக, இயற்கை விவசாயத்துக்கே கெட்ட பெயர். மண் பழக வருஷங்கள் ஆகும், நாமும் பழக வேண்டும். சான்றிதழ் விதிகளே வருஷப் பயிருக்கு இரண்டு வருஷம் மாற்றக் காலம் என்று வைத்திருக்கின்றன. ஒரு மாவில் தொடங்கினால் தோற்றாலும் நஷ்டம் நாலு மூட்டை. அந்த நாலு மூட்டைக்காகச் சித்தப்பா சண்டை போட மாட்டார். ஏழரை மாவில் தோற்றால் அடுத்த வருஷம் வயல் பக்கமே விடமாட்டார்.

விற்பனையும் இதற்குள்தான் வருகிறது. நேரடி கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. ஒரு மாவில் ஆறேழு மூட்டை வந்தால் அவித்து அரைத்து வீட்டுக்கும் உறவுக்காரர்களுக்கும் சரியாகப் போய்விடும், விற்கிற கவலையே இல்லை. ஏழரை மா நெல்லைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்? விவசாயிகளே ஒருவருக்கொருவர் உறுதி சொல்லும் பிஜிஎஸ் சான்றிதழுக்கு ஐந்து விவசாயியாவது சேர்ந்து குழுவாக வேண்டும், அந்த ஐந்து பேரை ஊரில் தேடிப் பிடிக்கவே இரண்டு வருஷம் ஆகும்.

எந்த ஒரு மா என்பதில்தான் இப்போது இழுபறி. வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. கடைமடை வயலை எடுத்தால் மேலே ஏழு பேர் போட்ட யூரியாவும் களைக்கொல்லியும் கழுவிக்கொண்டு நம் வயலில்தான் வந்து தேங்கும். வாய்க்கால் மடையிலிருந்து நேராகத் தண்ணீர் ஏறும் வயல்தான் வேண்டும். சித்தப்பா, "இஷ்டப்பட்டதச் செய்டா, அந்த வடிகால் ஓரத்து மாவை எடுத்துக்க" என்று ஊரிலேயே மோசமான மூலையைக் காட்டியிருக்கிறார். உவர் வேறு, மார்கழி வரை தண்ணீர் வடியாது. மடையடி வயலில் அவர் விதைநெல் போடுவது வழக்கம், அதைக் கேட்டால் முகம் மாறும் என்கிறான் இவன்.

பெரியவர்கள் விஷயம், நான் நடுவில் பேசினால் நன்றாக இருக்காது. சித்தியிடம் முதலில் சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தை அறுப்புக்கு வரும்போது பேசுவதாக இருக்கிறான். உளுந்தை நெல் தாளுக்கு இடையில் தெளித்துவிட்டு, அறுக்கும்போது வேரோடு பிடுங்காமல், வேர்முடிச்சு மண்ணிலேயே தங்கட்டும் என்று அரிவாளால் அறுக்கும்படி சித்தப்பாவிடம் சொல்லச் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் உடனே சரி என்றாராம். ட்ரம் இப்போதைக்குத் திண்ணையில் கவிழ்ந்து கிடக்கிறது, சித்தி அதன் மேல் வடகம் காயப்போடுகிறார்.